விற்க அல்ல, வைத்திருக்க

“இது உன் கையெழுத்தா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

“என் கையெழுத்துதான் சார். தேதியும் நான் எழுதினதுதான். ஆனா அன்னைக்கு எழுதல.”

“அன்னைக்கு எழுதலன்னா அன்னைக்குத் தேதி எப்படிப்பா வந்துச்சு? தானா நடந்து வந்துச்சா?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இந்தச் சண்டை நடந்தபோது, நான் இந்தப் பக்கம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியில் தண்ணீர் மெஷின் ரொம்ப மெதுவு. ஒரு பாட்டில் நிறைய மூன்று நிமிடம் ஆகும். அதனால் எல்லாம் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர் விசாரணை அதிகாரி. பதில் சொன்னவன் பசை. அவன் கைக்கு வரும் எந்தத் தாளும் தப்பாது. கிழிசலை ஒட்டி, ஓட்டையைச் சுற்றி வளையம் ஒட்டி, எண் போட்டு அடுக்கிவிடுவான். அதனால் வங்கியில் எல்லாருக்கும் அவன் பசை. பதினெட்டு வருடம் என் பக்கத்து மேஜை. என்னைவிட எட்டு வயது சின்னவன், என்னை அண்ணே என்று கூப்பிடுவான்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடும் டெபாசிட்டில் ஒரு பகுதிக்கு வங்கி அரசாங்கப் பத்திரங்கள் வாங்கும். பத்து வருடம் கழித்து முழுப் பணம், அதுவரை வட்டி. வாங்குகிற அன்றே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: இது விற்பதற்கா, முதிர்வு வரை வைத்திருப்பதற்கா? விற்பதற்கு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சந்தை விலைக்கு மாற்றி எழுத வேண்டும். விலை இறங்கியிருந்தால் ஓட்டை எல்லார் கண்ணிலும் படும். வைத்திருப்பதற்கு என்றால் வாங்கிய விலையே புத்தகத்தில் நிற்கும். கடைசி நாளில் முழுசாக வரப்போகிற பணம்தானே, நடுவில் எதற்குப் பதற வேண்டும் என்பது அதன் நியாயம். ரொம்ப நல்ல நியாயம் அது. இப்போதும் சொல்வேன்.

ஒரே நிபந்தனைதான். விலை இறங்கிய பிறகு மனதை மாற்றக் கூடாது. வாங்கிய அன்று என்ன நினைத்தாய் என்பதுதான் கணக்கு. அந்த நினைப்புக்கு ஒரே சாட்சி அந்தத் தாள். தாள் இல்லையென்றால் விற்பதற்கு என்றுதான் கணக்கு.

அந்த வருடம் வட்டி விகிதம் ஏறியது. ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். விற்பதற்கு என்று ஒரே நாளில் வாங்கிய ஏழு பெரிய பத்திரங்கள் சரிந்துவிட்டன. மூன்று மாதக் கணக்கு முடிய ஒன்பது நாள் இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவரைப் பெரியவர் என்போம். அவர் என் மேஜைக்கு வந்து, நின்றபடியே பேசினார்.

“இந்த ஏழும் வச்சிருக்கத்தானே வாங்கினோம்?”

“விக்கத்தான் சார் வாங்கினோம்.”

“எனக்கென்னமோ வச்சிருக்கணும்னு பேசின ஞாபகம். எங்கயாவது எழுதி வச்சிருப்பீங்க. நல்லாத் தேடிப் பாருங்க.”

செய் என்று அவர் சொல்லவில்லை. தேடு என்றார். தேடினேன். இரண்டு நாள் உட்காரவே இல்லை. அலமாரிக்கும் மேஜைக்கும் நடந்து கால் வீங்கியது. அப்படி ஒரு தாள் இல்லை. இல்லாததால் எழுதினேன். அச்சடித்த பழைய படிவக் கட்டு ஒன்று அலமாரியின் அடியில் கிடந்தது. அதில்தான் எழுதினேன். புதுப் படிவத்தில் எழுத நான் என்ன முட்டாளா?

ஒரே ஒரு சிக்கல். பத்திரங்கள் வாங்கிய அன்று நான் லீவு. என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். லீவுப் பதிவேட்டில் அது இருக்கிறது. அன்று எங்கள் பிரிவில் இருந்தது பசை மட்டும். அப்படியென்றால் கையெழுத்து அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். இது நான் முடிவு செய்ததில்லை, பதிவேடு முடிவு செய்தது.

சாயங்காலம் அவன் கையெழுத்துப் போட நாற்பது, ஐம்பது தாள் சேரும். நடுவில் இந்த ஏழு தாளையும் வைத்தேன்.

“என்னண்ணே, பழைய ஃபாரமா இருக்கு?”

“அன்னைக்குக் கையெழுத்து விட்டுப்போச்சு. ஆடிட்டர் வந்தா கத்துவாரு. அன்னைக்குத் தேதியே போட்டுடு.”

“நானா விட்டேன்? நான் விட மாட்டேனே.”

“நீ என்ன கடவுளா?”

சிரித்துவிட்டான். “சரிண்ணே, நீங்க சொன்னா சரி” என்று ஏழிலும் போட்டான். தேதியை அவனையே எழுதவைத்தேன். என் கை எழுத்து அதில் இருந்தால் நன்றாக இருக்காது.

அந்த மூன்று மாதக் கணக்கு அழகாக வந்தது. அடுத்ததும் அழகாக வந்தது. பிறகு யாரோ எங்கேயோ ஏதோ பேசி, ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் வரிசை நின்றது. புதன்கிழமை வரிசை தெருமுனையைத் திரும்பியது. எல்லாரும் பணத்தைக் கேட்டால் வங்கி எங்கே போகும்? வைத்திருப்பதற்கு என்று எழுதிய ஏழு பத்திரத்தையும் விற்க வேண்டியதாயிற்று. விற்ற அன்று நட்டம் மொத்தமாக வெளியே வந்தது. வங்கியை இன்னொரு வங்கி எடுத்துக்கொண்டது. பெரிய டெபாசிட் வைத்திருந்தவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது. அதில் என் மச்சினனும் ஒருவன். இன்றுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஏழு தாளும் பிற்பாடு எழுதியவை என்று எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? பசை தினமும் கோப்பில் சேர்கிற தாளுக்கெல்லாம் வரிசை எண் போட்டு, ஒரு நோட்டில் ஏற்றிவைப்பான். யாரும் சொல்லாத வேலை. பதினெட்டு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அந்த நோட்டு தெரியாது. அதில் இந்த ஏழும் இல்லை. விசாரணையில் அந்த நோட்டை அவனே எடுத்துக் கொடுத்தான், தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து. ‘தாள் பிற்பாடு வந்தது, கையெழுத்தும் தேதியும் உன்னுடையது’ என்று முடித்துவிட்டார்கள்.

பாட்டில் நிறைந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

“இந்தப் பத்திரங்கள வாங்கின அன்னைக்கு நீங்க ஆபீஸ்ல இருந்தீங்களா?”

“இல்ல சார், லீவு. வீட்டுல கண் ஆபரேஷன்.”

“அன்னைக்கு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னீங்களா?”

“அன்னைக்கு நான் ஆபீஸ் பக்கமே வரல சார்.”

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேறொரு நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. தாளைக் கொடுத்தது யார் என்று கேட்டபோதும் பசை என் பேரைச் சொல்லவில்லை. இப்போது என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. ‘அண்ணனையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க’ என்பதுபோலப் பார்த்தான்.

பெரியவர் அந்தத் தாள்களை நம்பித்தான் கணக்கில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். கோர்ட்டில் பசைக்கு மூன்று வருடம் ஜெயில். இருபத்திரண்டு மாதம் ஆகிவிட்டது. புதிய வங்கி என்னை வைத்துக்கொண்டது, பெரியவர் நாற்காலியில்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அவனைப் போய்ப் பார்க்கிறேன். சோப்பு, புத்தகம், மூட்டுவலிக்குத் தைலம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அங்கேயும் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிறானாம். போன முறை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டான்.

“அண்ணே, ஒண்ணு மட்டும் பிடிபடல. அந்த ஏழு தாள உங்ககிட்ட யாருண்ணே குடுத்தது?”

“அதையே நினைச்சு உடம்பக் கெடுத்துக்காதடா. நல்லாத் தூங்கு.”

“நான் நல்லாத்தான் தூங்குறேன். நீங்கதான் இளைச்சிட்டீங்க. அண்ணிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

அவன் மனைவி இப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். நான் கொடுத்தனுப்பும் பணக் கவரை வாங்குவதில்லை. நேற்று கடை வாசலில் என்னை நிறுத்தினாள்.

“அண்ணே, அப்பீல்ல புதுச் சாட்சி குடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம். தாள் எப்ப வந்துச்சு, யாரு குடுத்தான்னு உள்ள இருந்த ஒருத்தர் எழுதிக் குடுத்தாப் போதுமாம், இவர விட்டுருவாங்களாம். உங்களத் தவிர எனக்கு அங்க யாரையும் தெரியாது. விசாரிச்சுப் பாருங்கண்ணே.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்துவிட்டேன். ஜன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன். பூட்டிய கதவை மறுபடி போய் இழுத்துப் பார்க்கிறேன். “என்னங்க, எறும்பு கடிச்ச மாதிரி சுத்துறீங்க?” என்கிறாள் மனைவி. கண் அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் எழுதிக்கொடுத்தால் என் வேலை போகும், நான் உள்ளே போவேன், என் மகள் கல்யாணம் நிற்கும். அவனுக்குக் கிடைப்பது பதினான்கு மாதம். முப்பத்தாறில் இருபத்திரண்டு முடிந்துவிட்டது. நடுவில் கை வைத்தால்தான் நட்டம். பொறுத்துக்கொண்டால் கடைசித் தேதியில் அவன் முழுசாக வெளியே வருவான். அன்று யாரும் எதையும் நட்டம் என்று எழுத வேண்டியிருக்காது. உடம்பும் அவனுக்கு என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

ஏழு தாளையும் எழுதியது நான்தான். அதை மறைக்கவில்லை, மேலேயே சொல்லிவிட்டேன். நான் கேட்பது வேறு. இந்தக் கணக்கில் எங்காவது தப்பு இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுவதானாலும் திட்டுங்கள், படிக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எழுதினீர்கள் என்றால் இன்னும் நல்லது.