யார் கால் நடந்தது?

அப்பா: மாரத்தான் ஓட வர்றேன்னு ஒரு கையெழுத்துதான கேக்கறேன்... கிட்னியையா கேட்டேன்?

மகள்: ஞாயித்துக்கிழமை தூங்கணும். அதுக்கு ஏதாவது ஃபாரம் இருந்தா குடுங்க, போட்டுத் தர்றேன்.

அப்பா: நாப்பத்திரண்டு கிலோமீட்டர், வருஷத்துக்கு ஒரே நாள்! எங்க ஓட்டக் குழுவுல இருக்கறதுலயே சின்னவர் யாரு தெரியுமா? பல் டாக்டர். அவருக்கே அம்பத்தாறு.

மகள்: அய்யோ பாவம், இன்னும் பால்குடி மறக்கல.

அப்பா: சிரிக்காத. முப்பது வயசுக்குக் கீழ ஒரு ஆள் இல்ல. உங்க செட்டுக்குத் தெம்பு இல்லம்மா. ரெண்டு தெரு ஓடினா மூச்சு வாங்கி...

மகள்: நிறுத்துங்க. நீங்க எத்தனை வருஷம் ஆபீஸ் போனீங்க?

அப்பா: முப்பத்தி நாலு. அதுக்கென்ன இப்ப?

மகள்: எதுல உக்காந்து?

அப்பா: எதுலன்னா... நாற்காலியிலதான்.

மகள்: அதுவும் ஃபேனுக்குக் கீழ. அஞ்சு மணிக்கு எழுந்திருக்கும்போது ரெண்டு காலும் மிச்சம் இருந்துச்சு, ஓடினீங்க. எனக்கு எங்க மிச்சம்? குடோன்ல பத்து மணி நேரம் நடை. ஸ்கேனர் காட்டற ரேக்குக்கு ஓடு, எடு, வண்டில போடு, அடுத்தது. தண்ணி குடிக்க நின்னாக்கூட 'கீ கீ'ன்னு கத்தும். அதுக்கு யாரும் மெடல் போடறதில்ல.

அப்பா: வேலைக்கு நடக்கறது வேற, விளையாட்டு வேற.

மகள்: காலுக்கு அது தெரியாதே.

அப்பா: வாய் மட்டும் நூறு கிலோமீட்டர் ஓடும். என்னைப் பாரு. அறுபத்தி மூணு வயசு. தினம் முப்பதாயிரம் ஸ்டெப். நாலு மாசமா குரூப்புல நான்தான் ஃபர்ஸ்ட்டு!

மகள்: ஆமா... நேத்து உங்க குழு செயலாளர் எனக்கு ஃபோன் பண்ணினார். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா? திங்கக்கிழமையிலேருந்து எண்ணூறு ஸ்டெப்தான் போடறார்'னு கேட்டார்.

அப்பா: அது... பேட்டரி.

மகள்: பேட்டரியா?

அப்பா: பேட்டரின்னா பேட்டரி. அது கிடக்கட்டும். நீ திங்கக்கிழமையிலேருந்து எங்க போற?

மகள்: இதென்ன கேள்வி... வேலைக்கு.

அப்பா: போய்?

மகள்: போய்... வேலை செய்யறேன்.

அப்பா: எண்ணூறு ஸ்டெப்புலயா?

மகள்: என்ன... என்ன சொல்றீங்க?

அப்பா: போட்டிருக்கியே யூனிஃபார்ம் கோட்டு, அதோட உள் பையில கைய விட்டுப் பாரு.

மகள்: இதுல என்ன... அப்பா! இது உங்க ஸ்டெப் எண்ணற மெஷினு!

அப்பா: மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது.

மகள்: அதான் தினம் காலைல கோட்டை எடுத்துட்டு வந்து மாட்டி விட்டீங்களா? நான் பாசம்னு நெனச்சேன்! நாலு மாசமா நாயா அலைஞ்சது நானு, குரூப்புல கைதட்டு உங்களுக்கா? தெம்பில்லாத செட்டு கால்ல சவாரி பண்ணிட்டு, எனக்கே உபதேசம் வேற...

அப்பா: அப்புறம் ஆற அமரத் திட்டு. முதல்ல பதில் சொல்லு. வேலைய விட்டுத் தூக்கிட்டானா?

மகள்: இல்ல. உக்காந்துட்டேன்.

அப்பா: புரியல.

மகள்: பக்கத்து வரிசைல ஒரு அக்கா, ஏழு மாசம். ஸ்டூல் கேட்டாங்க. 'உக்காரணும்னா வீட்ல போய் உக்காரு'ன்னான் சூப்பர்வைசர். அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தரா... நூத்தி நாப்பது பேர். எல்லாம் என் வயசு. வெளிய தள்ளி கேட்டைச் சாத்திட்டாங்க. இப்ப கேட்டு வாசல்ல உக்காந்திருக்கோம்.

அப்பா: அஞ்சு நாளாவா? வெயில்லயா?

மகள்: மன்னிப்பு எழுதிக் குடுத்தா உள்ள விடறாங்களாம். ஒருத்தர்கூடக் குடுக்கல. வரிசைக்கு நாலு ஸ்டூல் வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்.

அப்பா: வேலை போயிடுச்சுன்னா?

மகள்: போகட்டும்.

அப்பா: வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல...

மகள்: சொன்னா 'பாத்தியா, உக்காந்துட்டா'ன்னு சிரிப்பீங்க. சிரிங்க, பரவால்ல. நீங்க போய் நாப்பத்திரண்டும் ஓடுங்க. ஞாயித்துக்கிழமையும் நான் கேட்டுலதான். இந்தாங்க உங்க மெஷினு... இனிமே சொந்தக் காலுக்கு மாட்டிக்கிட்டு ஓடுங்க.

அப்பா: எங்கம்மா ஓட? முட்டி ரெண்டும் தேஞ்சு நாலு மாசமாச்சு, மாடிப்படியே ஏறக்கூடாதுன்னுட்டார் டாக்டர்... உன் பக்கத்துல எனக்கும் ஒரு இடம் போட்டு வை. என்னால உக்காரத்தான் முடியும். ஆனா எவன் வந்து சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன்.