அப்பா நிரப்பாத ஐந்தாவது வரி

அவையைக் கண்ணாலேயே அடக்கி வைத்திருக்கும் சபைத் தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, தொட்டிலிலிருந்தே என்னை அறிந்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துவிட்டு எனக்காக விழித்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முதலில் மன்னியுங்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்பதற்காக என்னை மேடையேற்றிவிட்டீர்கள். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை நம்பினால்தான் கிறிஸ்தவரா என்பது தலைப்பு. நான் படித்ததோ கணிதம். மூன்றும் ஒன்றும் சமம் என்று தேர்வில் எழுதியிருந்தால் இந்தப் பட்டமே வந்திருக்காது.

இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். நம் சபையின் உறுப்பினர் படிவத்தில் ஐந்தாவது வரி: 'மூவொரு கடவுளை முழுமையாக அறிந்து விசுவாசிக்கிறேன்.' எல்லோரும் கையெழுத்திட்டோம். என் அப்பா இடவில்லை. அதனால் பட்டியலில் பெயரில்லை. பெயரில்லாததால், ஞாயிறு ஆராதனையில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தும் இல்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக். கம்பி, கதவு, பிரேக் எல்லாம் தொட்டுப் பார்த்த பிறகே சோதனை அட்டையில் கையெழுத்திடுவார்.

"எல்லாரும்தான் போட்டாங்க. நீங்களும் ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு வாங்களேன்" என்றாள் அம்மா.

"பாக்காத பிரேக்குக்குக் கையெழுத்துப் போடுறவனா நான்?"

"அப்ப நம்பலையா?"

"நம்பலன்னு சொன்னேனா? முழுசாத் தெரியும்னு சொல்லத்தான் வாய் வரல."

சரி, கையெழுத்திட்டவர்களையே கேட்போம் என்று நோட்டும் கையுமாய்ப் புறப்பட்டேன். செயலர் மாமா, "ரொம்ப சுலபம்மா. தண்ணி, ஐஸ், ஆவி. மூணும் ஒண்ணுதானே?" என்றார். பாடகர் குழு அக்கா, "ஒரே ஆளு வீட்ல அப்பா, ஆபீஸ்ல மேனேஜர், அவங்கம்மாவுக்குப் பிள்ளை. அப்படித்தான்" என்றார். தலைவர் அவர்கள், கோபிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் பலமாய்ச் சிரிக்கும் சித்தப்பா, நீங்கள் செருப்பைத் தேடினீர்கள்.

நோட்டைப் போதகர் ஐயாவிடம் நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐஸும் தப்பு, மேனேஜரும் தப்பு. ஒருத்தரே மூணு வேஷம் போடுறாருன்னு ஆயிடும். இதையெல்லாம் சபை அந்தக் காலத்துலயே தள்ளிடுச்சும்மா."

"அப்ப தப்பில்லாம எழுதுனது யாரு ஐயா?"

"ஒண்ணுமே எழுதாத உங்கப்பாதான்."

நான் திரித்துவத்தை மறுக்க வரவில்லை. தந்தை, மகன், தூய ஆவி என்று சொல்லித்தான் நானும் ஜெபிக்கிறேன், அப்பாவும் ஜெபிக்கிறார். அது நம் விசுவாசத்தின் அடித்தளமா? ஆம். அதை அளந்து முடித்தவருக்குத்தான் அப்பமா? அப்படியென்றால் நம்மில் யார் எழுந்து போக முடியும்? வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே நடந்த மீனவர்களிடம் யார் படிவம் நீட்டினார்கள்? அறிந்த பிறகா நடந்தார்கள்? நடந்தார்கள், நடந்தார்கள், நடக்க நடக்க அறிந்தார்கள். மறுப்பவரோடு வாதாடுங்கள். மலைத்து நிற்பவரை ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்?

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி.

இறங்குமுன், கடைசியாக ஒன்று. நான்கு வாரமாய் அம்மா தனியாகத் திருவிருந்துக்கு எழுகிறாள். அப்பா முழங்காலை ஒதுக்கி வழிவிடுகிறார். இதோ அவருடைய படிவம். ஐந்தாவது வரியை அடித்துவிட்டு, அவரே எழுதியிருக்கிறார்: 'நம்புகிறேன். முழுமையாக அறியேன்.' கீழே கையெழுத்தும் இருக்கிறது, பார்த்துத்தான் போட்டிருப்பார்.

தலைவர் அவர்களே, இதை வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு அவர் முழங்காலை ஒதுக்க வேண்டாம். அம்மாவோடு எழுந்து வரட்டும்.