கீழே போட்டால் வேணாம்

அடம்னு சொல்லாதீங்க பெரிய டீச்சர். அந்த வார்த்தைய மட்டும் இனிமே எங்கிட்டச் சொல்லாதீங்க, கெட்ட கோவம் வந்துரும். இல்ல, ஒக்காரல. தண்ணியும் வேணாம். எம்மக பர்சானாவுக்கு ஆட்டிசம்னு இங்க சேக்கும்போதே ஒங்ககிட்டச் சொன்னேனா இல்லையா? ஒம்பது வயசாச்சு, வாயில ஒரு பேச்சு கெடையாது. பெறகு வேணும் வேணாங்குறத எதுல சொல்லுவா? கையிலதான் சொல்லுவா.

எறியிறாளா? யாரு சொன்னா? பாத்துட்டுக் கீழ போடுறா, அம்புட்டுத்தான். நம்ம போடில ஏலக்கா ஏலம் நடக்குற ஹாலுக்கு நீங்க ஒருநாளாவது வந்திருக்கீங்களா? சாம்பிள் தட்டு வரும். காய உள்ளங்கையில கொட்டி, கலரு பாத்து, ஒண்ண உரிச்சு மோந்து பாப்போம். பிடிச்சா வெல கேப்போம். பிடிக்கலயா, அப்படியே தரையில போட்டுட்டு அடுத்த தட்டுக்குப் போயிருவோம். நடக்குற எடமெல்லாம் காயாக் கெடக்கும். ஒருத்தனும் கோவிச்சுக்க மாட்டான். லீவு நாள்ல எம்மடியில ஒக்காந்து அதப் பாத்துத்தானே வளந்தா? அவ அத்தா பண்றததான் அவ பண்றா.

அவ கிளாசு தேவி டீச்சர் மேல எனக்கென்ன பகை? ரெண்டு பொருளக் காட்டி எது வேணும்னு புள்ளையவே கேக்கணும்னு ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. நல்லதுதான், வீட்டுல நாங்களும் அப்படித்தான் கேக்குறோம். இன்னிக்கு மணி கோக்குறியா, களிமண்ணு உருட்டுறியான்னு கேட்டிருக்காங்க. ரெண்டையும் பாத்துட்டு ரெண்டையும் கீழ போட்டுட்டா. பதில் சொல்லிட்டால்ல? அது செல்லாதுன்னா பெறகு என்ன எழவுக்குக் கேக்குறீங்க? நீங்க நெனச்சதச் சொன்னாத்தான் பதிலா?

மத்த புள்ளைக மேல படும்னா தள்ளி ஒக்கார வைங்க. ஒரு போன் போட்டா, கடைய அடைச்சுட்டு வெரசா வந்துற மாட்டேனா?

கத்தலயே. சரி, கத்துறேன்தான். என்ன இப்ப?

ஓ, என்ன நடந்துச்சுன்னே ஒங்களுக்கு யாரும் சொல்லலயா? மத்தியானச் சாப்பாடு குடுக்க வந்தேன். ரெட்டச் சடையோட அனுப்புன புள்ள தலய விரிச்சுப் போட்டு ஒக்காந்திருந்துச்சு. காலைல செவப்பு ரிப்பனும் மஞ்ச ரிப்பனும் காட்டி, எது வச்சுக் கட்டட்டும்னு அவங்கம்மா கேட்டா. மஞ்சளத்தான் தொட்டா. அந்த மஞ்ச ரிப்பன அவுத்துத்தான் டீச்சர், எம்புள்ள ரெண்டு கையையும் பெஞ்சுக் காலோட கட்டி வச்சிருந்தாங்க.