அட்டைப்படத்தில் ஒரு கீறல்

கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் கேம் பெட்டியை முதலில் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை, தாவீது தம்பி. ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். டீ குடித்துக்கொண்டே, பஸ்ஸுக்கு நின்றுகொண்டே. அந்த ஒரு பார்வையில் சிக்காத அட்டையை எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் வீண்தான்.

உட்காருங்கள். மேலே மரத்தளத்துக்குப் போய் என் தங்கச்சியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். முதல் பெட்டியில் இருந்த அதே பெண் முகத்தை உங்கள் இரண்டாவது கேமுக்கும் வரைந்து கொடு என்று. ஹபீபா பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன பாய் தப்பாக் கேட்டுட்டேன்?" என்கிறீர்கள். நீங்கள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அச்சில் மை காய நேரமாகும், ஆட்களும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். சொல்கிறேன்.

எண்பத்தாறில் செம்பூரில் உங்கள் வீட்டு டிவியில் அந்த முதல் கேமைப் போட்டுக் காட்டினீர்கள். டேப்பிலிருந்து கம்ப்யூட்டரில் ஏறுவதற்கே ஐந்து நிமிடம், காது கிழிகிற சத்தம். பிறகு கறுப்புத் திரை, நடுவில் கொசு அளவு வெள்ளைச் சதுரம். "அது ஒரு பொண்ணு பாய். கெணத்துக்குள்ள விழுந்துட்டா. மேல ஏறி வரணும்" என்றீர்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சதுரம்தான். கிணற்றுக்கு இந்த ஊரில் சொல்கிற மாதிரி ‘பாவ்டி’ என்று பெயர் வைத்திருந்தீர்கள். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. நீங்களே எழுதி, நீங்களே டேப்பில் பதிந்து, மாதுங்காவிலும் தாதரிலும் கடை கடையாக ஏறி இறங்கியதும் நீங்களே. சதுரத்தைப் பெண்ணென்று ஜனங்களை நம்பவைக்க வேண்டியது அட்டையின் வேலை. அதை என்னிடம் கொடுத்தீர்கள்.

பக்கத்தில் அடுக்கியிருக்கும் வெளிநாட்டுப் பெட்டிகளில் ராக்கெட், பூதம், தீ என்று எல்லாம் கத்திக்கொண்டிருந்தன. நாம் கத்த வேண்டாம் என்று முடிவு செய்தேன். சுற்றிலும் இருட்டு. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற ஒரே ஒரு முகம். மேலே மஞ்சளில் பெயர். முதலில் தீப்பெட்டி அளவில் வரைந்து பார்க்க வேண்டும், அதில் புரியாத படம் பெரிசாக்கினாலும் புரியாது. இதையெல்லாம் ஹபீபாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். ஆனால் எனக்குக் கோடு வராது. வரைகிறவள் அவள். வெளியே எல்லாரும் ஜெயினுலாப்தீன் அட்டை என்பார்கள், ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்துதான் இருக்கும். அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

அந்த முகத்தை யாரையும் பார்த்து வரையவில்லை. அண்ணாந்த கண் எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் சின்னக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு தன் கண்ணைப் பார்த்தாள். அது என் நினைவில் இருந்தது. பிறகு உபயோகப்பட்டது.

அந்த வாரம்தான் தாணேயிலிருந்து கல்யாணத் தேதி குறித்து வந்தது. மாப்பிள்ளை அப்துல் வாஹித், ஹார்டுவேர் கடை. தங்கமான பையன். நான்தான் தேடிப் பிடித்துப் பேசி முடித்தேன். வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பிறகு ஹபீபாவை வளர்த்தது நான். அவளைக் கரையேற்றிவிட்டுத்தான் எனக்குக் கல்யாணம் என்று தாராவி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன். தேதி வந்ததும் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன். பிறகு மரத்தளத்தில் ஏறி அவள் உட்காரும் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அழுகை வந்தது.

வரைந்த படத்தை அச்சுக்காகத் தாதரில் பிலிம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம், கறுப்புக்குத் தனி. விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தேன். முகம் அழகாக இருந்தது. அழகு மட்டும்தான் இருந்தது. ஜனங்கள் அழகான முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், நிற்கமாட்டார்கள். ஒரு குறை வேண்டும். பிளேடு நுனியால் கறுப்புப் பிலிமில் இடது புருவத்தைக் கொஞ்சம் சுரண்டினேன். ஒரு நெல் நீளம். அவ்வளவுதான் நான் செய்தது.

அது வேலை செய்தது, நீங்களே பார்த்தீர்கள். தாதர் கடை வாசலில் ஜனங்கள் நின்றார்கள். மறுபடி அச்சடிக்கச் சொல்லி ஓடி வந்தீர்கள்.

ஹபீபா எப்போதும் முக்காட்டை இறக்கிவிட்டிருப்பதால் நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அவளுக்கு இடது புருவத்தில் அதே இடத்தில் முடி முளைக்காது. ஆறு வயதில் மாஹிம் தர்கா உரூஸ் பார்க்க என் தோளில் உட்கார்ந்து வந்தாள். கூட்டத்தில் என் கால் இடறியது. இரும்புக் குழாயில் அவள் நெற்றி பட்டது. "காக்காவ அடிக்காதிய, நாந்தான் ஆடினேன்" என்று வாப்பாவிடம் அண்ணனுக்காகப் பேசிய பிள்ளை அது.

மாப்பிள்ளையின் உம்மா சைனப் மாமி ஒரு நாள் பகலில் வந்தார். பையிலிருந்து உங்கள் பெட்டியை எடுத்துப் பாயில் வைத்தார்.

"இது யாரு மூஞ்சி, தம்பி? புருவத்துல தழும்புகூட அவளுக்கு உள்ளதுதான். கடைத்தெருவுல போற வார பயலுவ எல்லாம் நின்னு பாக்கானுவ. எம் மூத்தவன் பாத்துட்டு வந்து தலையில அடிச்சிக்கிடுதான்."

ஹபீபா உள்ளேயிருந்து வந்து குனிந்து பார்த்தாள். அச்சான பெட்டியை அதுவரை நான் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை.

"மூஞ்சி நான் வரைஞ்சதுதான் மாமி. தழும்பு நான் போடல. அல்லா அறிய நான் போடல."

"பின்ன, தானா மொளச்சுதாக்கும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பொய் வராது, தம்பி. தொழிலிலும் சரி, வீட்டிலும் சரி. "எல்லா அட்டையும் இவதான் மாமி வரையுதா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சைனப் மாமி தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். கல்யாணம் அத்தோடு நின்றது.

ஹபீபா தான் வரைந்த மூலப் படத்தைக் கேட்டாள். அதில் புருவம் முழுசாக இருக்கும், கொண்டுபோய்க் காட்டலாம் என்றாள். ஜூலை மழையில் கடையின் கீழ்த்தட்டில் தண்ணீர் ஏறிவிட்டதும்மா என்றேன். ஏறியதுதான். படம் மேல்தட்டில் இருந்தது. படம் எந்தத் தட்டில் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "காக்கா, கண்ணாடியப் பாத்துத்தான நான் கண்ணு வரைஞ்சேன். எனக்கே தெரியாம எங் கை அந்தத் தழும்பையும் போட்டிருக்குமோ?"

"சில நேரம் கை நம்ம பேச்சக் கேக்காதும்மா" என்றேன்.

அப்படியும் உண்டுதானே. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அன்றைக்கு முழுசாகச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் முகம் வரைவதில்லை. கார், ரயில், மலை, கோட்டை, எதைக் கேட்டாலும் வரைவாள். மனுஷ முகம் என்றால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுகிறாள். தன் கையைப் பார்த்தே பயப்படுகிறாள். இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வருத்தம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள்.

இதோ, இதுதான் மூலப் படம். பிரித்துப் பாருங்கள். புருவம் முழுசாக இருக்கிறதா? எவ்வளவு சுத்தமான வேலை. கொடுங்கள், காகிதம் சுற்றி வைத்துவிடுகிறேன்.

போன வாரம் அப்துல் வாஹித் எனக்குக் கடிதம் போட்டிருந்தான். அவன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் உம்மாவிடம் பேசிப் பேசிக் கரைத்துவிட்டானாம். ஒன்றே ஒன்று தெரிய வேண்டுமாம். ‘அந்தத் தழும்பை ஹபீபா வரையவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதுங்கள், மச்சான். உங்கள் வார்த்தையை உம்மா நம்புவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே வந்து பேசுகிறோம்’ என்று எழுதியிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் ஹபீபா வரையலாமாம். ஜன்னலோரம் மேசைகூட வாங்கிப் போட்டிருக்கிறானாம். ஜன்னலோரம் வெயில் விழும், பிரஷ்ஷிலேயே கலர் காய்ந்துவிடும். அவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும், பாவம்.

கடிதத்தை ஹபீபாவிடம் காட்டவில்லை. மூன்று நாள் யோசித்தேன். இன்று காலையில் மாதுங்கா போஸ்ட் ஆபீஸில் பதிலைப் போட்டுவிட்டு வந்தேன். ‘அந்தப் படத்தில் ஹபீபாவின் பிரஷ்ஷைத் தவிர வேறு யார் பிரஷ்ஷும் படவில்லை’ என்று எழுதினேன். பிளேடு பிரஷ் இல்லையே, தம்பி. உண்மையைத்தான் எழுதினேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? மேலே போய் அவளிடம் சொல்லப் போகிறீர்களா? சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. அவள் கீழே இறங்கி வந்து என்னைக் கேட்பாள். நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் நம்புவாள். பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளை, அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள் புதுக் கேமுக்கு முகம் வேண்டாம். இடிந்த கோட்டை, ஒரு படிக்கட்டு, மேலே கொஞ்சம் வெளிச்சம், போதும். பத்து நாளில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்னே பின்னே ஆனாலும் கவலை வேண்டாம், அவள் எங்கேயும் போகப் போவதில்லை.