இரண்டு சொட்டுத் தைலம்

கையுறை வாங்கும்போது பலரும் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். விரல் நுனி தொளதொளவென்று நின்றால் பிரஷ் பிடிக்க வராது. அரை மணி நேரத்தில் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். எங்கள் கட்டட வேலையில் கையுறை, முகமூடி வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு; நான் ஒவ்வொருவர் கையையும் அளந்துதான் வாங்குவேன். அதனால் வேலைத்தளத்தில் எனக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது ஐயா. அதுதான் வினை.

முகமூடி வடிகட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பட்டி தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு, மற்றது பெயிண்டில் கலக்கும் தின்னரின் ஆவிக்கு. பெயிண்டர்களுக்கு வேண்டியது ஆவிக்கானது. நான் தூசிக்கானதை வரவழைத்துவிட்டேன். பெட்டியைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் போன வாரம்தான் தப்பான கையுறை போட்ட கொத்தனாரைப் பத்துப் பேர் முன்னால் பிடித்து, “மேல எழுதியிருக்கிறதைப் படிக்க மாட்டீங்களா?” என்று கேட்டிருந்தேன். எந்த முகத்தோடு போய் நானே படிக்கவில்லை என்று சொல்வது? வாயை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன்.

மறுநாளே பெயிண்ட் வாசனை வருகிறது என்றார்கள். வாசனை வந்தால் வடிகட்டி வேலை செய்யவில்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆகவே வீட்டிலிருந்து தலைவலித் தைலம் கொண்டுவந்து, அவர்கள் வருவதற்கு முன்பே முகமூடிக்குள் இரண்டிரண்டு சொட்டு தடவி வைத்தேன். பெயிண்ட் வாசனை அதில் அமுங்கிப்போனது.

“வாத்தியார் மாஸ்க்குக்கே சென்ட் அடிச்சுட்டாருடா” என்று சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

அந்தப் பெயிண்டர்களில் ஒருவர் என் தங்கை கணவர். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றுக்கு அவர்தான் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம் மேலே வந்து என் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மச்சான், தலை சுத்துது. மாஸ்க்கை ஒரு தடவை பாருங்களேன்.”

“சாப்பிடாம வந்திருப்பீங்க மாப்ளே. குடுங்க, பார்ப்போம்.”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்ப்பதற்கு என்ன இருந்தது.

சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மூச்சு இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் தங்கை, “எங்க அண்ணன்தான் அவருக்கு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்தாங்க” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். துக்கம் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் துணிவில்லை.

தெரியாமல் நடந்ததா என்று கேட்டீர்கள். சரியான வடிகட்டிகளை நான் தனியாக வரவழைத்திருந்தேன் ஐயா. அன்று காலையே வந்துவிட்டன. அவர் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெட்டி மேசைக்கடியில், என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பழசுக்கு என்ன குறை என்று கேட்பார், மற்றவர்களும் கேட்பார்கள். அந்த அறை சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், நாளைக்குப் புதுச் சரக்கு என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பழைய முகமூடியையே என் கையால் மாட்டிவிட்டு, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, படியிறக்கி அனுப்பினேன். அன்று தைலம் மட்டும் நான்கு சொட்டு விட்டேன். தலை சுற்றுகிறது என்றாரே, அதற்கும் நல்லதுதானே.