இரண்டு நிமிடமும் இரண்டு விசிலும்

அவைக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவர்களைவிடக் கடிகாரத்தையே அதிகம் நேசிக்கும் ஐயா சுந்தரமூர்த்தி அவர்களே! அல்சூர் ஏரிக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துப் புழுக்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கிற தாய்மார்களே! எனக்கு முன்னால் முழங்கி, எதிரணியைத் தரைமட்டமாக்கிவிட்ட திருப்தியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் சக மருந்துக்கடைக்காரர், அண்ணன் டென்சில் அவர்களே! அனைவருக்கும் லிங்கராஜபுரம் பிரிஜெட்டின் அன்பு வணக்கம்.

மருந்தைக் கையில் கொடுக்கும்போதே, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மருந்தாளுநர் விளக்கியே ஆக வேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டுமா? இதுதான் இன்றைய கேள்வி. வேண்டாம் என்றார் டென்சில் அண்ணன். மாலை ஆறு மணிக்குக் கடையில் கூடும் கூட்டத்தில் ஆளுக்கொரு உபன்யாசம் செய்ய நேரம் ஏது என்றார். நல்ல மனசு இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அழகாகப் பேசினால் தட்டத்தானே வேண்டும்.

ஆனால் நான் வாதாட வரவில்லை, ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக அல்சூரில் மருந்துக்கடை நடத்தும் நான், ஒரு பெண்ணின் நான்கு மாத மூச்சைப் பறித்தவள்.

என்ன, முன்வரிசை நிமிர்ந்து உட்காருகிறது? கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் வீணா. நகரப் பேருந்தில் நடத்துநர். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒரு மாலை என் கடைக்கு வந்தார். சீட்டில் இருந்தவை இரண்டு: ஒரு டப்பா கேப்சூல், ஒரு இழுப்புக் கருவி. கேப்சூலைக் கருவிக்குள் போட்டு, திருகி, உள்ளிருக்கும் பொடியை வாயால் இழுக்க வேண்டும். விழுங்கக் கூடாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். மருந்தைக் கொடுத்தேன், மறுவார்த்தை கொடுக்கவில்லை. மாதம் தவறாமல் வந்தார், மாதம் தவறாமல் மௌனமாகக் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, சிவாஜிநகர் போக அவருடைய பேருந்திலேயே ஏறினேன். நிறுத்தத்தில் ஆள் இறங்கியாயிற்று, ஏறியாயிற்று. விசிலைக் காணோம். வாயில் விசில் இருக்கிறது, கன்னம் உப்புகிறது, வருவது வெறும் காற்று. கடைசியில் கம்பியைக் கையால் தட்டினார். ஓட்டுநர் சின்னப்பா, "இவத்தூ விசில் இல்வா?" என்று கன்னடத்தில் சலித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். இன்றைக்கும் இல்லையா என்கிறார். அப்படியானால் பல நாளாக இல்லை.

என்னைக் கண்டதும் வீணா பக்கத்தில் வந்தார். "மேடம், உங்க கடை மாத்திரைய நாலு மாசமா ஒரு வேளகூட விடாம முழுங்கறேன். கொஞ்சம்கூட கேக்கல. அடுத்த மாசம் டிப்போல மெடிக்கல் செக்கப். தேறலன்னா பஸ்ஸ விட்டு எறக்கி ஆபீஸ்ல ஒக்கார வெச்சுடுவாங்க. வண்டி இல்லாம நான் என்னா பண்றது?"

முழுங்குகிறேன் என்றார். அந்தக் கருவி எங்கே என்றேன். "அதுவா? டிவி மேல இருக்கு. மூச்சு முட்டினா எடுத்து இழுப்பேன்" என்றார். காலிக் கருவியை! மருந்து வயிற்றுக்குப் போயிற்று, வெறுங்காற்று நெஞ்சுக்குப் போயிற்று.

சிரிக்கிறீர்களா? பின்வரிசையில் ஓர் அண்ணன், படிக்காதவரோ என்கிறார். ஐயா, அவர் பி.காம். படித்தவர், மூன்று மொழியில் டிக்கெட் கொடுப்பவர். கேப்சூலைக் கண்டால் விழுங்கத்தான் நம் எல்லோருக்கும் தெரியும். தவறு வாய் திறந்து விழுங்கியவருடையதா? வாயே திறக்காத என்னுடையதா?

அன்று பணி முடிந்ததும் அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். போடச் சொன்னேன், திருகச் சொன்னேன், இழுக்கச் சொன்னேன், மறுபடி செய்துகாட்டச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தலைவர் ஐயா, உங்களுக்காகத்தான் பார்த்தேன். இரண்டே நிமிடம்! டென்சில் அண்ணா, நான்கு மாதம் மூச்சுத் திணறியது எதற்காக? நான் கொடுக்காத இந்த இரண்டு நிமிடத்துக்காக!

நல்ல மனசு போதாதா என்றீர்கள். நான் என்ன கெட்டவளா? நல்லவளுக்கும் மாலை ஆறு மணி வருகிறது. நல்லவளுக்கும் நின்று நின்று கால் கடுக்கிறது. அந்த ஆறு மணிக்குத்தான் அண்ணா, சட்டம் வேண்டும்! மருந்தாளுநர் விளக்க வேண்டும் என்று விதியில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறதே என்பீர்கள். என் கடையிலும் இருந்தது, அலமாரியில், கட்டுப் பிரிக்காத புத்தகத்தில். அந்த வரி வீணாவிடம் ஒரு வார்த்தை பேசியதா? சொன்னாயா என்று வந்து கேட்கிற சட்டம் வேண்டும். புரிந்ததா என்று கேட்க வைக்கிற சட்டம் வேண்டும். கன்னடம் பேசுபவருக்குக் கன்னடத்தில், தமிழ் பேசுபவருக்குத் தமிழில், உருது பேசுபவருக்கு நமக்குத் தெரிந்த உருதுவில் சொல்ல வைக்கிற சட்டம் வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே விதி என்றால், இங்கே தாமதம் என்று யாரும் அடுத்த கடைக்கு ஓட மாட்டார்கள்.

சரி, வீணா? தேறிவிட்டார்! கைதட்டலை வைத்திருங்கள், ஆளே வந்திருக்கிறார். மூன்றாம் வரிசையில் காக்கிச் சீருடை, டூட்டி முடித்து நேரே வந்தவர். பேருந்தில் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். நம் கோரிக்கை நெடுநாளாக நிறுத்தத்திலேயே நிற்கிறது. எழுந்திருங்கள் வீணா, ஊதுங்கள்!

கேட்டதா? ஏரிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். இப்போது சட்டம் வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். தலைவர் ஐயா, எண்ண வேண்டாம், உயராத கையைத் தேடுங்கள். டென்சில் அண்ணனின் கையும் மேலே இருக்கிறது!

கூடுதலாக இரண்டு நிமிடம் பேசிவிட்டேன் என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மன்னியுங்கள் ஐயா, இந்த இரண்டு நிமிடத்தை இனி நான் எங்கேயும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பொறுத்த அவைக்கு நன்றி, கை உயர்த்திய அண்ணனுக்கு நன்றி, மூச்சு மீண்ட தங்கைக்கு நன்றி. வண்டி புறப்பட்டுவிட்டது. வணக்கம்!