நேரில் வரத் தேவையில்லை

எனக்குத் தலையாட்டுவது நன்றாக வரும். படிக்கிற காலத்திலேயே அதற்காக ஆசிரியர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மனநல ஆலோசகருக்கு அது பாதித் தொழில்.

வீடியோவில் ஆலோசனை என்று ஆரம்பித்தபோது எல்லாரும் மூக்கால் அழுதார்கள். "எதிர்ல உக்காராம எப்படி சார் மனசுவிட்டுப் பேசறது?" என்றார்கள். கொஞ்ச நாள்தான். பிறகு அவர்களே, "இதுதான் சார் வசதி, யார் கண்ணுலயும் பட வேண்டாம்" என்று புகழத் தொடங்கினார்கள். ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவார். ஒரு கல்லூரிப் பெண் போர்வைக்குள்ளிருந்து பேசுவாள். பேசுவதென்ன பெரிய காவியமா? மேனேஜர் திட்டினான், மாமியார் முறைத்தாள், தூக்கம் வரவில்லை. அரைத்த மாவையே அரைப்பார்கள். போனின் மூலையில் தெரியும் தங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், என்னைப் பார்ப்பதில்லை. அப்படியானால் நான் எதற்கு?

நீலச் சட்டை போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் தலையாட்டி என்னை நானே படம் பிடித்தேன். நடுநடுவே புருவத்தைச் சுருக்கினேன், பெருமூச்சு விட்டேன். முதலில் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அதை ஓடவிடுவேன். முடிகிற நேரத்தில் வந்து உட்காருவேன். நடுவில் யாராவது பதில் கேட்டு நச்சரித்தால், இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவேன். "ஸாரி சார், என் போன்தான் சரியில்ல" என்று அவர்களே மன்னிப்புக் கேட்பார்கள். சிகிச்சை எப்படியிருக்கிறது என்றால், முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பார்கள். இந்தப் பிரகிருதிகளுக்காகவா கண்விழித்துப் படித்தேன் என்று எரிச்சலாக வரும்.

அந்தத் தையற்காரி மட்டும் வேறு மாதிரி. புருஷன் காதில் விழாமலிருக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து பேசுவாள். "ஒருதடவை நேர்ல வரட்டுமா சார்? எதிர்ல ஆள் இருக்கற மாதிரியே தெரியல" என்றாள். பொல்லாத கண். சிகிச்சை ஒன்றுதான், நேரில் வரத் தேவையில்லை என்றேன். அதற்கும் நன்றி சொன்னாள்.

கடைசித் தடவை, படத்தை ஓடவிட்டபின் சட்டையைக் கழற்றினேன். காலர் கசங்கியிருந்தது. பனியனோடு அதே அறையில் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"சார், வீட்ல இருந்த மாத்திரை எல்லாத்தையும் முழுங்கிட்டேன். இப்ப பயமா இருக்கு. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, கதவத் திறந்து அவரைக் கூப்பிடறேன். இல்ல, நான் போகட்டுமா?"

படத்திலிருந்த நான் தலையாட்டினேன். நிதானமாக, கனிவாக.

"சரிங்க சார்" என்றாள்.

சும்மா பயமுறுத்துகிறாள் என்று நினைத்ததாக இந்த போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் சொல்லிப் பார்த்தேன். அது பொய். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கலாம். முகவரி என்னிடம் இருந்தது. ஆனால் அவள் பிழைத்தால் வாயைத் திறப்பாள். நான் தலையாட்டியதைச் சொல்வாள், பிறகு நீங்கள் என் கம்ப்யூட்டரைக் குடைவீர்கள். என் பெயர் சந்தி சிரிக்கும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிற ஒரு தையற்காரிக்காகவா அதெல்லாம்? இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். திரையருகே போய் நின்று, அவள் மூச்சு தேய்ந்து, வெறும் தண்ணீர்ச் சத்தம் மிஞ்சும்வரை காத்திருந்தேன்.

சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் தொழிலில் வேறு எவரையும் நான் அவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை.